கணக்குப் புத்தகத்தில் மலாயா

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவை ஜெயிக்க வைத்தது யார்? 2011க்கும் 2016க்கும் இடையில் வந்த மூன்று ஆங்கில நூல்கள் இதற்கு மூன்று பதில் சொல்கின்றன. ஆர்தர் ஹெர்மனின் 'ஃப்ரீடம்ஸ் ஃபோர்ஜ்' தொழிலதிபர்கள் என்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வில்லியம் நட்சனும் கப்பல் கட்டிய ஹென்றி கைசரும்தான் அதன் நாயகர்கள். மார்க் வில்சனின் 'டிஸ்ட்ரக்டிவ் கிரியேஷன்' அதை மறுக்கிறது. ஆலைகளுக்குப் பணம் போட்டது அரசு, பல ஆலைகளுக்குச் சொந்தக்காரனும் அரசு, பெயரை மட்டும் கம்பெனிகள் விளம்பரம் போட்டு வாங்கிக்கொண்டன என்பது அவர் வாதம். ஜிம் லேசியின் 'கீப் ஃப்ரம் ஆல் தாட்ஃபுல் மென்' இந்த இரண்டு பக்கமும் சேராமல், பொருளியலாளர்கள் என்கிறது.

மூன்றில் என்னை அதிகம் பிடித்து வைத்தது லேசியின் நூல். சும்மா சொல்லக் கூடாது, ஒரு கூட்டக் குறிப்பைத் துப்பறியும் கதைபோலப் படிக்க வைக்க அவரால் முடிகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடிய பிறகு ஒரு உறுத்தல் மிச்சமிருந்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலைப் பற்றியது.

முதலில் கதை. 1942 ஜனவரி 6-ஆம் தேதி ரூஸ்வெல்ட் காங்கிரஸில் பேசினார். அந்த ஒரே ஆண்டில் 60,000 விமானம், 45,000 டாங்கி, 20,000 விமான எதிர்ப்புப் பீரங்கி, 60 லட்சம் டன் வணிகக் கப்பல். அடுத்த ஆண்டு 1,25,000 விமானம், 75,000 டாங்கி. கேட்பதற்குச் சிலிர்க்கும் எண்கள். மக்களுக்கு நம்பிக்கை, எதிரிக்குப் பயம் என்று அரசியலாக அந்தப் பேச்சு வேலை செய்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ராணுவமும் கடற்படையும் அந்த எண்களைக் கொள்முதல் பட்டியலாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் தங்கள் சொந்தப் பட்டியலையும் ஏற்றின. எல்லோருமே ஒரே எஃகுக்கும் ஒரே செம்புக்கும் ஒரே அலுமினியத்துக்கும் கை நீட்டினார்கள்.

பொருள் பற்றாக்குறைக்கு அன்றிருந்த மருந்து முன்னுரிமைச் சீட்டு. அவசரமான ஆர்டருக்கு உயர்ந்த தரம் கொடுப்பார்கள். எல்லோரும் தங்கள் ஆர்டர்தான் அவசரம் என்றார்கள். உயர்ந்த தரம் எல்லோரிடமும் வந்ததும் அதற்கு மேல் இன்னொரு தரம், அதற்கும் மேல் ஒன்று என்று சீட்டு பெருத்தது. ரூபாய் நோட்டை அச்சடித்துக்கொண்டே போனால் விலைவாசிக்கு என்ன ஆகுமோ அதேதான். சீட்டு இருந்தது, எஃகு இல்லை. 1942 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் கட்டத் தொடங்கியிருந்த பெரிய கப்பல் தளத்தின் ஒப்பந்தத்தை, கப்பலுக்குத் தகடு கிடைக்காது என்று அரசே ரத்து செய்தது. தளம் கட்டவும் எஃகு போனது, அதில் ஒரு கப்பலும் இறங்கவில்லை. உற்பத்தித் திட்டமிடலில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்துவிட்டு வரும், பட்டியலில் ஆயிரம் பாகம் இருக்கும், ஒரு பாகம் மட்டும் வராது, 999 பாகமும் கிடங்கில் தூசி பிடிக்கும். அளவுதான் வேறு, நோய் ஒன்றே.

இந்த இடத்தில்தான் லேசியின் நாயகர்கள் வருகிறார்கள். போர் உற்பத்தி வாரியத்தின் திட்டக் குழுவுக்குத் தலைவர் ராபர்ட் நேதன். அவருக்குக் கீழே புள்ளிவிவரம் பார்த்தவர் சைமன் குஸ்நெட்ஸ், நேதனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். ஒரு நாட்டின் வருமானத்தை மொத்தமாக எப்படி அளப்பது என்ற முறையை 1930-களில் உருவாக்கியவர், பின்னாளில் 1971-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் செய்தது ஒரு எளிய காரியம். நாடு மொத்தமாக எவ்வளவு உற்பத்தி செய்கிறது, மக்கள் உயிர் வாழக் குறைந்தது எவ்வளவு வேண்டும், இயந்திரம் எவ்வளவு, ஆள் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்தத் திட்டம் இயலுமா என்று கேட்டார். இயலாது என்று விடை வந்தது. இன்னொன்றும் சொன்னார். இயலாத இலக்கை வைத்தால் அந்த இலக்கு மட்டும் தவறிப் போவதில்லை, இயலக்கூடியதும் சேர்ந்து கெட்டுவிடும். பாதி முடிந்த டாங்கியும் பாதி முடிந்த ஆலையும் போருக்கு உதவாது.

1942-இல் இந்த அறிக்கை ராணுவத்தின் தளவாடப் பொறுப்பாளர் ஜெனரல் பிரஹோன் சோமர்வெல்லிடம் போனது. செப்டம்பரில் அவர் கைப்படப் பதில் எழுதினார். பொருளியலாளர்களைக் கிண்டல் செய்தார். போர்த் தந்திரம், உற்பத்தி, மக்கள் வாழ்வு மூன்றையும் சேர்த்து முடிவெடுக்க ஒரு மேல்மட்ட சபை வேண்டும் என்று குஸ்நெட்ஸ் சொன்ன யோசனையையும் ஒதுக்கினார். அறிக்கையைச் சிந்திக்கிறவர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும்படி அவர் சொன்னதிலிருந்துதான் நூலுக்குத் தலைப்பே வந்தது. அக்டோபர் 6-ஆம் தேதிக் கூட்டத்தில் விலைக் கட்டுப்பாட்டுத் தலைவர் லியோன் ஹெண்டர்சன் வெடித்தார். இவ்வளவு பெரிய தொகையை வைத்து ஒரு போரை நடத்தத் தெரியாத தளபதிகள் என்றால் வேறு தளபதிகளைத் தேடுவோம் என்ற தொனியில் பேசினார். அதற்குப் பிறகு 1943-க்கான திட்டம் சுமார் 93 பில்லியன் டாலரிலிருந்து சுமார் 80 பில்லியனுக்கு இறங்கியது. வெட்டியதும் ராணுவத் தலைமையே.

நவம்பரில் ஃபெர்டினண்ட் எபர்ஸ்டாட் அறிவித்த கட்டுப்படுத்தப்பட்ட பொருள் திட்டம் மீதியைச் சரி செய்தது. எஃகு, செம்பு, அலுமினியம் மூன்றை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். ராணுவம், கடற்படை, கப்பல் ஆணையம், நேச நாடுகளுக்கான கடன்-குத்தகை அலுவலகம் என்று ஒவ்வொரு கோரிக்கையாளருக்கும் மூன்று மாதத்துக்கு இவ்வளவு டன் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் ஒப்பந்தக்காரருக்கும், ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரருக்கும் அதிலிருந்து பிரித்தார்கள். காசோலை எழுதுவது மாதிரி. கணக்கில் இருப்பதற்கு மேல் எழுத முடியாது. முன்னுரிமைச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 1943 நடுவில் இது முழுமையாக ஓடத் தொடங்கியது. மூன்று பொருளைப் பிடித்தால் முழு நாடும் பிடிபடும் என்று கண்டுகொண்டதை ஒரு பொறியாளனாக நான் ரசிக்கிறேன்.

கணக்கு எப்படி முடிந்தது? 1942-இல் வந்த விமானம் 48,000-க்குச் சற்றுக் கீழே. டாங்கி சுமார் 25,000. வணிகக் கப்பல் இலக்கைத் தாண்டியது. 1943-இல் விமானம் 86,000 அளவில் நின்றது, சொன்ன 1,25,000 வரவில்லை. குஸ்நெட்ஸ் சரி.

ஆனால் லேசி இதற்கு மேல் ஒரு படி போகிறார். பிரான்ஸில் இறங்கும் படையெடுப்பு 1943-இல் நடக்காமல் 1944-க்குத் தள்ளிப்போனதற்கு இந்தக் கணக்கே காரணம், ஜெனரல் மார்ஷலுக்கு 1942 இறுதியிலேயே அது தெரிந்திருந்தது என்கிறார். இங்கே எனக்கு ஒப்புதல் இல்லை. உற்பத்தி ஒரு காரணம், சரி. ஆனால் வட ஆப்பிரிக்காவில் இறங்குவது என்ற முடிவு 1942 ஜூலையிலேயே எடுக்கப்பட்டது, குஸ்நெட்ஸின் அறிக்கைக்கு முன்பே. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தொல்லை 1943 மே வரை குறையவில்லை. சர்ச்சிலுக்கு 1943-இல் கால்வாயைத் தாண்ட மனமே இல்லை. இவ்வளவு கயிறுகள் இழுத்த ஒரு வண்டியை ஒற்றைக் கயிறு இழுத்ததாகச் சொல்வது, ஹெர்மன் நட்சனுக்குச் செய்ததையே லேசி குஸ்நெட்ஸுக்குச் செய்வதாகும். நாயகனை மட்டும் மாற்றிவிட்டார், கதை சொல்லும் முறை அதேதான்.

என் உறுத்தல் இதுவும் இல்லை. அது பங்கீட்டில் இருக்கிறது.

குஸ்நெட்ஸின் கணக்குக்கு முன்னால் இன்னொரு கணக்கு இருந்தது. ஜீன் மோனே என்ற பிரெஞ்சுக்காரர், பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடிக்கல் போட்டவர், அப்போது வாஷிங்டனில் பிரிட்டனுக்காகத் தளவாடம் வாங்கிக்கொண்டிருந்தார். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றின் தேவையையும் உற்பத்தியையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர் அவர். ஸ்டேசி மே என்ற புள்ளிவிவரக்காரர் 1941 இலையுதிர் காலத்தில் லண்டன் போய் பிரிட்டனின் ரகசிய எண்களை வாங்கி வந்தார். ஏடு தயாரானபோது, ஜனநாயகத்தின் ஆயுதக் கிடங்கு என்று தன்னை அழைத்துக்கொண்ட நாடு பிரிட்டனும் கனடாவும் செய்வதைவிடக் குறைவாகவே ஆயுதம் செய்கிறது என்று தெரிந்தது. லேசி இதை அழகாகச் சொல்கிறார்.

இந்தப் பேரேட்டின் நீட்சிதான் 1942 ஜனவரி 26-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட தளவாட ஒதுக்கீட்டு வாரியம். இரண்டு நாட்டு ஆயுதமும் ஒரே பொதுக் குளம், தந்திரத் தேவையைப் பார்த்து அதிலிருந்து மொண்டு கொடுப்போம் என்பது கொள்கை. வாஷிங்டன் வாரியத்துக்குத் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ். குளத்தில் மொள்கிற கை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மட்டுமே. சீனா இடம் கேட்டது, கிடைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரங்கூன் துறைமுகத்தில் சீனாவுக்கென்று 'டல்சா' கப்பலில் வந்த கடன்-குத்தகைத் தளவாடத்தைப் பர்மாவின் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்ததில் சியாங் கை ஷேக் கொதித்துப் போயிருந்தார். பெயர் எழுதி அனுப்பிய பொருளுக்கே அந்த நிலை.

அந்த ஜனவரி 26-ஆம் தேதி மலாயா எங்கே இருந்தது? கோலாலம்பூர் விழுந்து இரண்டு வாரம். அந்த வாரம் முடிவதற்குள், 31-ஆம் தேதி, பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் போய்ப் பாலத்தை உடைத்தது. பொதுக் குளம் வெட்டி முடிந்தபோது நம் வயல் காய்ந்து முடிந்திருந்தது.

இதைச் சொன்னதும் நம்மில் பலருக்குச் சட்டென்று ஒரு முடிவு வரும்: வெள்ளைக்காரன் கைவிட்டான். நான் அப்படி அவசரப்பட விரும்பவில்லை. எண்களைப் பார்ப்போம். மலாயாவுக்குக் குறைந்தது 336 விமானம் வேண்டும் என்று லண்டன் தலைமைத் தளபதிகளே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1941 டிசம்பர் 8-இல் பறக்கத் தயாராக இருந்தது 158. அதில் முக்கியமான சண்டை விமானம் அமெரிக்கத் தயாரிப்பான பிரூஸ்டர் பஃபலோ. ஐரோப்பாவில் சண்டைக்கு லாயக்கில்லை என்று பிரிட்டன் ஒதுக்கியதுதான் இங்கே வந்தது. ஜெனரல் பெர்சிவல் 1941 ஆகஸ்டில் கேட்ட பட்டியலில் இரண்டு டாங்கி ரெஜிமெண்ட் இருந்தது. போர் தொடங்கியபோது மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை. 1942 ஜனவரி 7-ஆம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானியர் டாங்கிகளை வரிசையாக நெடுஞ்சாலையில் விட்டு இரண்டு படைப்பிரிவுகளைச் சில மணி நேரத்தில் சிதறடித்தார்கள். ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தெற்கே வருகிறவர்கள் இன்றும் அந்த ஊரைத் தாண்டித்தான் வருகிறோம்.

அதே 1941 அக்டோபர் 1-ஆம் தேதி மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதம் 400 விமானம், 500 டாங்கி சோவியத்துக்கு. அதில் பாதி பிரிட்டன் பங்கு. ஹிட்லர் மாஸ்கோவின் வாசலில் நின்ற நேரம். சோவியத் விழுந்திருந்தால் உலகமே வேறு. ஆகவே அனுப்பியது தவறு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் குஸ்நெட்ஸின் கேள்வியை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பெர்சிவல் கேட்டது இயலாததா? ஒரு ரெஜிமெண்டுக்கு ஐம்பது சொச்சம் என்று வைத்தால் இரண்டுக்கும் நூற்றுச் சில்லறை டாங்கி. பிரிட்டன் சோவியத்துக்குச் சொன்ன பங்கில் அரை மாதக் கணக்கு. இதைத் தராததற்குப் பற்றாக்குறை முழுக் காரணமாக முடியாது. வரிசைதான் காரணம். தாயகம், மத்திய கிழக்கு, சோவியத், அப்புறம் மலாயா. 1941 மே மாதமே தரைப்படைத் தலைவர் ஜான் டில், எகிப்தைவிடச் சிங்கப்பூர் முக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். சர்ச்சில் ஏற்கவில்லை. ஜப்பான் வராது என்று ஒரு பந்தயம் கட்டினார். பந்தயத்தில் வைத்தது நம் ஊரை.

இயலுமா என்ற கேள்விக்கு எண் பதில் சொல்லும். யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு எண் பதில் சொல்லாது. அது அதிகாரம் சொல்லும் பதில். லேசியின் நூலைப் படிக்கும்போது இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றிவிடுகிறது, அதுதான் என் குறை. கணக்குப் போட்டவர்கள் நேர்மையானவர்கள் என்பதாலேயே பங்கீடும் நேர்மையானது என்று ஆகிவிடாது.

இன்னொரு வேடிக்கை. ஆயுதம் வாங்குகிற பத்தியில் கடைசியில் நின்ற மலாயா, கொடுக்கிற பத்தியில் முன்னால் நின்றது. கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச் 11-இல் வரும்வரை பிரிட்டன் அமெரிக்காவிடம் டாலரை எண்ணி வைத்துத்தான் ஆயுதம் வாங்கியது. அந்த டாலரில் ஒரு முக்கியப் பங்கைச் சம்பாதித்துக் கொடுத்தவை மலாயாவின் கித்தாவும் ஈயமும். அதைச் சீவிய கை பெரும்பாலும் யாருடையது என்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் விழுந்தபோது அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நின்றது. பெட்ரோலுக்கு அங்கே நாடு முழுக்கப் பங்கீடு வந்தது எண்ணெய் இல்லாததால் அல்ல, டயர் தேயக் கூடாது என்பதால். பெர்னார்ட் பரூக் தலைமையில் குழு அமைத்து, 1941-இல் பத்தாயிரம் டன்னுக்கும் கீழே இருந்த செயற்கை ரப்பரை 1944-க்குள் சுமார் 7 லட்சம் டன்னுக்கு ஏற்றினார்கள். போர் முடிந்தும் அந்த ஆலைகள் மூடவில்லை. தோட்டத்துக் கித்தாவுக்கு நிரந்தரப் போட்டி அப்படித்தான் பிறந்தது.

அந்த 1941-இல் இங்கேயும் ஒரு நாதன் இருந்தார். ஆங்கில எழுத்தில் வாஷிங்டன் நேதனுக்கும் இவருக்கும் ஒரே பெயர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பவை தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் சில. மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். வேலை நிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் இறங்கியது, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்கான ரப்பர் தடைபடக் கூடாது என்பது அரசின் நியாயம். உற்பத்தித் திட்டம் என்றால் அதுவும்தான். ஒரு நேதனின் ஏடு போரின் வரலாறாகவும், இன்னொரு நாதனின் கோரிக்கை தொழிலாளர் பிரச்சினையாகவும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே போர், ஒரே ரப்பர்.

இதற்காக அமெரிக்க நூலாசிரியர் கிள்ளானை எழுதவில்லையே என்று அழ எனக்கு விருப்பமில்லை. அவர் எடுத்த பொருள் வாஷிங்டன், அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார். என் கேள்வி நம்மை நோக்கி. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம்மிடம் எழுத்து இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் லயத்திலிருந்து ஆள் பிடித்துப் போனதையும் காட்டில் மனிதர் செத்ததையும் நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி நாம் எழுதும் விமர்சனத்தில் போர் எப்போதும் வெள்ளம்போல, புயல்போல வருகிறது. ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரன் ஓடினான், தமிழன் செத்தான். ஏன் டாங்கி இல்லை, ஏன் பஃபலோ, யார் வரிசை போட்டது என்று கேட்பதில்லை. துயரத்தைச் சொல்லத் தெரிந்த நமக்கு அதன் ரசீதைப் பார்க்கத் தெரியவில்லை. விதியென்று விட்டால் யாருக்கும் பொறுப்பில்லை, ரசீதில் கையெழுத்து இருக்கும்.

இந்தப் பழக்கம் பழங்கதைக்கு மட்டும் உதவுவதல்ல. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரே ஆண்டில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் உக்ரைனுக்குத் தருவதாகச் சொன்னது. 2024 மார்ச்சில் பார்த்தால் பாதிதான் போயிருந்தது. ரூஸ்வெல்ட்டின் ஜனவரி எண்களைப் படித்தவனுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. இலக்கு அறிவிக்கப்பட்ட அன்றே இயலுமா என்று கேட்டிருப்பான். கொஞ்சம் கூடுதலாக யோசிக்கிறவன், அந்தப் பாதி யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை, அந்தக் குண்டுக்கான உலோகம் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் கேட்பான்.

லேசியைப் படியுங்கள். ஹெர்மனுக்குப் பிறகு, வில்சனுக்கு முன்னால் படித்தால் வாதம் நன்றாகத் தெரியும். எண்களைக் கண்டு பயந்து தாண்டிப் போகாதீர்கள், சோமர்வெல் எதிர்பார்த்ததே அதைத்தான். படித்து முடித்ததும் மேலே சொன்ன இரண்டு நாவல்களில் ஒன்றை எடுங்கள். லயத்து வாசலில் லாரி வந்து நிற்கும் பக்கம் வரும்போது, அந்த லாரி அங்கே வருவதற்கு எத்தனை மேசைகளில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.